'எனக்கு நல்லாத்தானே தெரியுது!' - கண் பரிசோதனை யாருக்கு, எப்போது அவசியம்? பச்சிளம் குழந்தை முதல் முதியவர் வரை முழு விளக்கம்

இந்தச் செய்தியை மொபைலில் படிச்சுக்கிட்டு இருக்கீங்களா? அப்படியே ஒரு சின்ன சோதனை. இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கிட்டு, வலது கண்ணால் மட்டும் இந்த வரியைப் படிங்க. அடுத்து கண்ணை மாத்துங்க. கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடவே செய்யலாம்.

இரண்டு கண்ணிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிஞ்சதா? ஒரு கண்ணில் மங்கலாகவோ, வரி வளைஞ்ச மாதிரியோ தெரிஞ்சா, இந்த வாரமே கண் டாக்டரைப் பாருங்க.

பலருக்கு ஒரு கண்ணில் பார்வை குறைஞ்சிருக்கிற விஷயமே வருஷக்கணக்கில் தெரியாது. காரணம், நாம எப்பவும் இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கிறோம். ஒரு கண்ணின் குறையை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். அதனாலதான் "எனக்கு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு செக்கப்?" என்ற கேள்வி ஆபத்தானது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடி பேருக்கு ஏதோ ஒரு பார்வைக் குறைபாடு இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடி பேரின் பாதிப்பு, தடுத்திருக்கக்கூடியது அல்லது இன்னும் சிகிச்சை கிடைக்காமல் இருப்பது.

ஆனால் எல்லோருக்கும் ஒரே பிரச்னை இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு வரும் ஆபத்து வேறு, ஐடி ஊழியருக்கு வேறு, கதிர் அறுப்பவருக்கு வேறு, சுகர் இருப்பவருக்கு வேறு. நீங்களும் உங்க வீட்டில் இருப்பவர்களும் எந்தப் பிரிவில் வர்றீங்க? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு விஷயம்: பவர் டெஸ்ட் வேறு, கண் பரிசோதனை வேறு

"போன மாசம்தான் கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர்ல செக் பண்ணேன், எல்லாம் நார்மல்." இப்படிச் சொல்பவர்கள் ஏராளம். அங்கே பொதுவாகப் பார்ப்பது கண்ணாடியின் பவர் மட்டும்தான்.

முழுமையான கண் பரிசோதனை என்றால் நான்கு விஷயங்கள் அதில் இருக்க வேண்டும்.

- ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகப் பார்வைத் திறன் சோதனை
- கண்ணின் உள் அழுத்தத்தை அளப்பது
- கருவிழி, லென்ஸ் ஆகியவற்றை நுண்ணோக்கி விளக்கில் பார்ப்பது
- தேவைப்பட்டால் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பாவை விரித்து, பின்னால் இருக்கும் விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பது

பார்வையைத் திருடும் பல நோய்கள் கடைசியாகச் சொன்ன அந்த விழித்திரையிலும் நரம்பிலும்தான் ஆரம்பிக்கின்றன. கண்ணாடிப் பவர் மாறாமலேயே அவை வளரும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படிங்க.

குறைமாதக் குழந்தைகள்: 30 நாள் தாண்டக் கூடாது

குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரை முழுசா வளர்ந்திருக்காது. விழித்திரைக்கு ரத்தம் கொண்டு போகும் நாளங்கள் பிறந்த பிறகுதான் மீதி தூரம் வளர வேண்டும். சில குழந்தைகளுக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிடும். இதை ஆர்.ஓ.பி என்கிறார்கள். இன்குபேட்டரில் ஆக்சிஜன் கட்டுப்பாடில்லாமல் போனால் ஆபத்து கூடும்.

இந்தியாவில் பின்பற்றப்படும் வழிகாட்டுதல் இதுதான்: 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தை என்றால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். 28 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்கும், 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கும் இன்னும் முன்னதாக, 2 அல்லது 3 வாரத்திலேயே பார்க்க வேண்டும்.

குழந்தையின் கண் வெளியில் பார்க்க அழகாகவே இருக்கும். பெற்றோரால் கண்டுபிடிக்க முடியாது. சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் லேசர் அல்லது ஊசி மருந்து மூலம் பார்வையைக் காப்பாற்றலாம். தாமதித்தால் நிரந்தர இருள்தான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 1996ல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை செய்யப்படவில்லை. பெற்றோருக்கும் சொல்லப்படவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. குடும்பம் சட்டப் போராட்டம் நடத்தியது. 2015ல் உச்ச நீதிமன்றம் சுமார் ரூ.1.8 கோடி இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பணம் கிடைத்தது, பார்வை திரும்பவில்லை.

எனவே குழந்தை வார்டில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது நீங்களே கேளுங்க: "டாக்டர், கண் ஸ்கிரீனிங் எப்போ?" ஒரு முறை பார்த்தால் போதாது. நாளங்கள் முழுசா வளரும் வரை, டாக்டர் சொல்லும் தேதிகளில் திரும்பத் திரும்பக் காட்ட வேண்டும்.

5 வயதுக்குள்: மாறுகண் அதிர்ஷ்டம் இல்லை

"மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்", "வளர வளர சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை.

பிறக்கும்போது குழந்தைக்குப் பார்வை முழுமையாக இருக்காது. கண்ணில் இருந்து வரும் தெளிவான படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் மூளை 'பார்க்க' பழகுகிறது. ஒரு கண் விலகி இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு நல்ல கண்ணை மட்டும் பயன்படுத்தும். இதுதான் 'சோம்பேறிக் கண்'.

7, 8 வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடி போடுவது, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைப்பது போன்ற எளிய சிகிச்சையே நல்ல பலன் தரும். வயது கூடக் கூடப் பலன் குறையும். 20 வயதில் வேலைக்கான மெடிக்கல் டெஸ்டில் முதன்முறையாகத் தெரிய வந்து அதிர்ச்சி அடைபவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

- 6 மாதத்துக்குப் பிறகும் கண் விலகிப் பார்ப்பது
- கண் பாப்பா வெள்ளையாகத் தெரிவது. குறிப்பாக, பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிட்டால், அது பிறவிக் கண்புரையாகவோ கண்ணில் வரும் புற்றுநோயாகவோ இருக்கலாம். ஒரு நாளும் தள்ளிப்போடாதீங்க
- தலையைச் சாய்த்து, முகத்தைத் திருப்பிப் பார்ப்பது
- பொழுது சாய்ந்ததும் தடுமாறுவது. இது வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் நோயாக இருக்கலாம்

9 மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, 6 மாதத்துக்கு ஒரு முறை, மொத்தம் 9 தவணை வைட்டமின் ஏ திரவம் அரசு மூலம் இலவசமாகத் தரப்படுகிறது. தடுப்பூசி அட்டையில் இதுவும் டிக் ஆகியிருக்கான்னு பார்த்துக்குங்க. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், முட்டை எல்லாம் சாப்பாட்டில் இருக்கட்டும்.

பள்ளி மாணவர்கள்: போர்டு தெரியலைன்னு பிள்ளை சொல்லாது

கிட்டப்பார்வை இருக்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பது தெளிவாகவும் தூரத்தில் இருப்பது மங்கலாகவும் தெரியும். பிறந்ததில் இருந்தோ, மெதுவாகவோ இப்படி ஆகும்போது, "எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போல" என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினால் 'கவனம் இல்லை' என்று திட்டு விழும். டிவிக்கு மிக அருகில் போவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, அடிக்கடி தலைவலி ஆகியவை மற்ற அறிகுறிகள்.

2050ல் உலக மக்கள்தொகையில் பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வை இருக்கும் என்று 2016ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது. கண்ணாடி போட்டால் போச்சு என்று விட முடியாது. பவர் மைனஸ் 6ஐத் தாண்டினால், பிற்காலத்தில் விழித்திரை கிழிவது, கிளாக்கோமா போன்ற ஆபத்துகள் கூடும்.

இதைத் தடுக்க முடியுமா? ஓரளவுக்கு முடியும். மருந்து, வெளிச்சம்தான். பகல் வெளிச்சத்தில் தினமும் சுமார் 2 மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறது. தைவான் 2010 முதல் பள்ளிகளில் தினமும் 120 நிமிடம் மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பல ஆண்டுகளாக ஏறிக்கொண்டே இருந்த பார்வைக் குறைபாட்டு விகிதம் அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. அதாவது, பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுப்பது கண்ணுக்கும் நல்லதில்லை.

கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா? ஏறாது. வளரும் வயதில் கண் நீளமாவதால் பவர் ஏறுகிறது. கண்ணாடி போடாமல் விட்டாலும் ஏறத்தான் செய்யும். படிப்புதான் கெடும்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் இருக்கிறது. கண்ணாடி கிடைத்த பிறகு, "சோடாபுட்டி" என்று சக மாணவர்கள் கிண்டல் செய்வதால் பையிலேயே வைத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் பெண் பிள்ளைக்கு "கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று கழற்றச் சொல்வதும் நடக்கிறது. கண்ணாடி இல்லாமல் அந்தப் பிள்ளை இழக்கும் பாடத்தை யார் திருப்பித் தருவது?

சொந்தத்தில் திருமணம், நிறக்குறைபாடு: பரம்பரையாக வருபவை

தென்னிந்தியாவில் மாமன் மகள், அத்தை மகன் திருமணம் சகஜம். பெற்றோர் இருவருக்கும் ஒரே குறைபாட்டு மரபணு இருந்தால், அது பிள்ளைக்குச் சேர்ந்து வரும் வாய்ப்பு சொந்தத்தில் கூடுதல். விழித்திரை மெல்ல மெல்லச் செயலிழக்கும் ஆர்.பி எனப்படும் நோய் இந்த வகையில் வரலாம். முதல் அறிகுறி, இருட்டில் தடுமாறுவது. தியேட்டருக்குள் போனால் இருக்கை தெரியாமல் நிற்கும் பதின்ம வயதுப் பிள்ளையை 'கவனமில்லாதவன்' என்று விட்டுவிடாதீங்க.

சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாத நிறக்குறைபாடு பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் வரும். அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். இதனால் பார்வை போகாது. ஆனால் ரயில் ஓட்டுநர், விமானி போன்ற வேலைகளுக்குத் தகுதி கிடைக்காது. பிள்ளை என்ன படிக்கலாம் என்று முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்துவிட்டால், பின்னால் ஏமாற்றம் இருக்காது.

நாள் முழுக்க ஸ்கிரீன் பார்ப்பவர்கள்

சாதாரணமாக நாம நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் சிமிட்டுகிறோம். ஸ்கிரீனைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். சிமிட்டும்போதுதான் கண்ணீர்ப் படலம் கண் மேல் பரவும். அது குறைந்தால் எரிச்சல், உறுத்தல், மாலையில் மங்கல் எல்லாம் வரும். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது எளிது. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் இருப்பதை, 20 விநாடி பாருங்க. ஸ்கிரீன் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். வேணும்னே முழுசா கண் சிமிட்டிப் பழகுங்க.

'புளூ லைட்' கண்ணாடி வாங்கணுமா? 2023ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, இந்தக் கண்ணாடிகள் கண் சோர்வைக் குறைப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. அந்தக் காசை ஒரு முறையான பரிசோதனைக்குச் செலவிடலாம்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு ஒன்று: குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவாதீங்க, போட்டபடி தூங்காதீங்க. தண்ணீரில் இருக்கும் அமீபா, கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

விவசாயிகள், தொழிலாளர்கள்: ஒரு நெல் உமி போதும்

கதிர் அறுக்கும்போது நெல் தாள் கண்ணில் கீறுவது, களத்தில் தூசி தட்டும்போது உமி விழுவது கிராமங்களில் சர்வ சாதாரணம். ஆபத்து அந்தக் கீறலில் இல்லை. அதன் வழியாக நுழையும் பூஞ்சையில் இருக்கிறது. மதுரைப் பகுதியில் நடந்த ஆய்வுகளில், கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதிக்குப் பூஞ்சைதான் காரணம் என்று தெரிய வந்தது. பூஞ்சைப் புண் ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வையை மறைக்கும்.

அடிபட்ட அன்று நாம செய்யும் சில விஷயங்கள் நிலைமையை மோசமாக்குகின்றன.

- நாக்கால் துழாவி தூசி எடுப்பது
- தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் ஊற்றுவது
- மெடிக்கலில் "கண்ணு சிவந்திருக்கு, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போடுவது

கடைசியாகச் சொன்னதில்தான் பெரிய அபாயம். அந்த டிராப்ஸில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு உடனே குறையும், வலி குறையும். உள்ளே பூஞ்சை வேகமாகப் பரவும். 'மெட்ராஸ் ஐ' வந்தவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு டிராப்ஸ் போட்டால் கண் அழுத்தம் ஏறி கிளாக்கோமாவும், கண்புரையும் வரலாம்.

சுத்தமான தண்ணீரில் கழுவுங்க. கண்ணைக் கசக்காதீங்க. அன்றோ மறுநாளோ கண் டாக்டரிடம் போங்க. கீறல் பட்டவுடனே சரியான மருந்து போட்டால், பெரும்பாலும் புண்ணாகாமலேயே தடுத்துவிடலாம்.

வெல்டிங் செய்பவர்கள் முகக்கவசம் இல்லாமல் பார்த்தால், சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், கண்ணில் மண்ணைக் கொட்டிய மாதிரி வலி வரும். கிரைண்டிங், கல் உடைக்கும் வேலைகளில் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இரும்புத் துகள் கண்ணுக்குள் நுழைந்தால் வெளியில் சின்னப் புள்ளி மாதிரிதான் தெரியும்.

வீட்டில் வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதா? குழந்தை கைக்கு எட்டாமல் வைங்க. சுண்ணாம்பு பாக்கெட்டைப் பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்துப் பார்வை போன குழந்தைகள் இந்தியாவில் பலர். பட்டுவிட்டால், ஆட்டோ தேடும் முன்பே, குறைந்தது 15 முதல் 30 நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இமைக்குள் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பு போக வேண்டும். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி.

40 வயது: ஊசியில் நூல் கோக்க முடியலையா?

40ஐ ஒட்டி, செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிக்க ஆரம்பிப்போம். இது வெள்ளெழுத்து. நோய் இல்லை. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகுவதால் எல்லோருக்கும் வருவது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது.

ஆனால் அந்தக் கண்ணாடி இல்லாததால் கூலி குறைகிறது என்பது தெரியுமா? அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே கண்ணாடி தரப்பட்டது. அவர்கள், கண்ணாடி கிடைக்காத மற்றவர்களைவிட தினமும் சுமார் 5 கிலோ, அதாவது சுமார் 22% கூடுதலாக இலை பறித்தார்கள். 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் இந்த முடிவு வெளியானது. தையல், பூக்கட்டுதல், நகைத் தொழில், பீடி சுற்றுதல் என்று பக்கத்துப் பார்வையை நம்பிப் பிழைப்பவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

40 வயதில் கண்ணாடிக்காகப் போகும்போது இன்னொன்றையும் கேட்டுப் பாருங்க: கண் அழுத்தமும் பார்வை நரம்பும். காரணம், கிளாக்கோமா.

கண் நீர் அழுத்த நோய் என்றும் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலி இருக்காது. சிவப்பு இருக்காது. நேர்ப் பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். கதவு நிலையில் இடித்துக்கொள்வது, பைக்கில் போகும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாமல் போவது என்று ஆரம்பிக்கும். தென் தமிழகத்தில் நடந்த கள ஆய்வில், கிளாக்கோமா இருந்தவர்களில் 10ல் 9 பேருக்கும் மேல், தங்களுக்கு அந்த நோய் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள்.

போன பார்வையை எந்த மருந்தும், எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். அதற்குத் தினமும் சொட்டு மருந்து. "நல்லா இருக்கேன்" என்று நிறுத்தினால் நோய் தொடரும்.

அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது கிளாக்கோமா இருந்தால் உங்களுக்கும் ஆபத்து அதிகம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் கூடப்பிறந்தவர்கள் எல்லோருமே ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

சுகர் இருக்கா? பார்வை தெளிவா இருக்கும்போதே போங்க

இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வு கூறியது. சர்க்கரை அதிகமாக இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்த நாளங்கள் பலவீனமாகி, கசியும். பிறகு புதிதாக, எளிதில் உடையும் நாளங்கள் முளைக்கும். இவ்வளவும் நடக்கும்போது பார்வை தெளிவாகவே இருக்கலாம். ஒருநாள் நாளம் உடைந்து, கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்போதுதான் தெரியும்.

- டைப் 2 என்றால், நோய் தெரிந்த அன்றே முதல் விழித்திரைப் பரிசோதனை. பிறகு வருஷம் ஒரு முறை
- டைப் 1 என்றால், நோய் தெரிந்து 5 ஆண்டுக்குள் தொடங்கி, வருஷம் ஒரு முறை
- சுகர் இருக்கும் பெண் கர்ப்பமானால், முதல் மூன்று மாதத்துக்குள் கட்டாயம்

ஆரம்பத்தில் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் கட்டுப்பாட்டில் வைத்தாலே பலருக்குப் போதும். முற்றினால் லேசர், கண்ணுக்குள் ஊசி, ஆபரேஷன் என்று போகும். சுகர் மாத்திரை வாங்க மாதாமாதம் போகும் இடத்திலேயே "விழித்திரை போட்டோ எடுக்கணும்" என்று கேளுங்க. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும். அன்றைக்கு வண்டி ஓட்டாமல் துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்க.

பெண்கள்: வீட்டில் கடைசியாகக் கண் காட்டுவது யார்?

உலகில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் சுமார் 55% பேர் பெண்கள். பெண்களின் ஆயுள் அதிகம் என்பது ஒரு காரணம். அது மட்டுமே இல்லை. சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பே குறைவு. "அப்பாவுக்கு முதல்ல ஆபரேஷன் முடியட்டும், எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லாத அம்மா எத்தனை பேர்? துணைக்கு ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போகும், வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று அந்த 'அப்புறம்' நீண்டுகொண்டே போகும்.

விறகடுப்புப் புகைக்கும் கண்புரைக்கும் தொடர்பு இருப்பதை இந்தியாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கண் வறட்சியும் பெண்களுக்கு அதிகம். கர்ப்பிணிகளுக்குத் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, கண்ணில் மின்னல் வெட்டினாலோ, அது ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம். கண் ஆஸ்பத்திரிக்கு இல்லை, உடனே மகப்பேறு மருத்துவமனைக்குப் போங்க.

60ஐத் தாண்டியவர்கள்: புரை 'முத்தும்' வரை காத்திருக்க வேண்டாம்

தேசியக் கண் பார்வை ஆய்வின்படி (2015-19), இந்தியாவில் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பார்வையின்மைக்கு முக்கியக் காரணம் கண்புரை. பார்வை இழந்தவர்களில் சுமார் 66% பேருக்கு இதுதான் காரணம். அதாவது, மூன்றில் இரண்டு பேருக்கு ஓர் ஆபரேஷனில் பார்வை திரும்பக்கூடும்.

புரை முத்தின பிறகுதான் எடுக்கணுமா? இது பழைய காலத்துப் பேச்சு. அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாக இருந்தால் இப்போதே செய்யலாம். ரொம்ப முற்றவிட்டால் ஆபரேஷன் கடினமாகும், சிலருக்குக் கண் அழுத்தமும் ஏறும்.

டிராப்ஸில் புரை கரையுமா? கரையாது. கரைக்கும் என்று விற்கப்படும் எதையும் நம்பாதீங்க. கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது மட்டுமே தீர்வு.

வயதானவர்களுக்கு வரும் இன்னொரு பிரச்னை, விழித்திரையின் நடுப்பகுதி சிதைவது. நேர்க்கோடு வளைந்து தெரியும், எதிரில் இருப்பவரின் முகத்தில் நடுப்பகுதி மட்டும் மறையும். புகைபிடிப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். ஜன்னல் கம்பியையோ தரையின் டைல்ஸ் கோட்டையோ ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் பார்த்து வீட்டிலேயே கவனிக்கலாம்.

பார்வை மங்கிய முதியவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வது, மாத்திரையை மாற்றிப் போடுவது எல்லாம் நடக்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீங்க.

இந்த அறிகுறிகள் இருந்தால் இன்றே போங்க

- திடீரென ஒரு கண்ணில் பார்வை போவது, சில நிமிடத்தில் திரும்பிவிட்டாலும் கூட
- மின்னல் போல ஒளிக்கீற்று, திடீரெனக் கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், திரை இறங்குவது போன்ற நிழல்
- கடும் கண் வலியோடு வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம்
- கண்ணில் அடி, ரசாயனம், பட்டாசுக் காயம்
- எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது
- ஆபரேஷன் செய்த கண்ணில் வலி, சிவப்பு, மங்கல்

யார், எப்போது? ஒரே பார்வையில்

- குறைமாதக் குழந்தை: 30 நாளுக்குள்
- எல்லாக் குழந்தைகளும்: பள்ளியில் சேர்க்கும் முன் ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை
- 40 வயது: முதல் முழுப் பரிசோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒரு முறை
- குடும்பத்தில் கிளாக்கோமா: 40க்கு முன்பே தொடங்கி, டாக்டர் சொல்லும் இடைவெளியில்
- சர்க்கரை நோய்: வருஷம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை
- 60க்கு மேல்: வருஷம் ஒரு முறை

செலவுக்கு என்ன செய்வது?

தேசியப் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கண்புரை ஆபரேஷன் இலவசம். 1819ல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அதே 1976ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவும் குறைந்த கட்டணத்திலும் ஆபரேஷன் செய்து உலகமே கவனிக்கும் முன்மாதிரி ஆனது. ஊர் ஊராக நடக்கும் இலவச முகாம்களையும் பயன்படுத்திக்கலாம்.

கண் தானம் பற்றியும் ஒரு வார்த்தை. கருவிழிப் புண்ணால் பார்வை இழந்தவர்களுக்கு, இறந்தவரின் கருவிழிதான் வழி. இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக்குத் தகவல் சொல்லிவிட்டு, இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். கண்ணாடி போட்டவர், சுகர் இருந்தவர், புரை ஆபரேஷன் செய்தவர் எல்லோரும் தானம் செய்யலாம்.

இப்போ, ஆரம்பத்தில் செஞ்ச அந்த ஒற்றைக் கண் சோதனையை வீட்டில் எல்லோருக்கும் செஞ்சு பாருங்க. அம்மாவிடம் இருந்து ஆரம்பிங்க. ஆனால் அதில் பாஸ் ஆகிவிட்டால் கண் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கிளாக்கோமாவும் சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பும் அந்தச் சோதனையில் தப்பிவிடும். "நல்லாத்தானே தெரியுது" என்று சொல்லும் நாளில் போனால்தான், நாளைக்கும் நல்லாத் தெரியும்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் பிரச்னைக்கான சிகிச்சையைக் கண் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சொந்தமாக எந்தச் சொட்டு மருந்தையும் பயன்படுத்த வேண்டாம்.)